ஒன்பதாவது குழாய்

பீனிக்ஸ் தொழிற்பேட்டையில் என் பட்டறைக்கு வருகிறவர்கள்
கேட் கேட்பார்கள், ஜன்னல் கம்பி கேட்பார்கள்,
மதில்மேல் நட ஈட்டிமுனை கேட்பார்கள்.
திருடன் வந்துபோன மறுநாள்தான் வருவார்கள்,
அவசரமாக.

சலோஷ்னி குப்பன் ஒலி கேட்டு வந்தாள்.
கையில் ஒரு ரப்பர் சுத்தியல்.
மூலையில் சாய்த்திருந்த குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்
காதைக் கொண்டுபோனாள் அருகில்,
தர்பூசணி வாங்குகிறவள்போல.
"இது சும்மா சத்தம் போடுது. இது பேசுது."
எனக்கு இரண்டுமே இரண்டங்குலக் கால்வனைஸ்.

ஒரே ஆள் வாசிக்கப் புதிதாக எழுதுகிறாளாம்.
பதினாறு நிமிடம்.
பாட்டு கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது.
ஒன்பது குழாய், ஓர் எண்ணெய்ப் பீப்பாய்,
ஒரு கேட்டின் தாழ்ப்பாள்.
தாளைக் காட்டினாள்: கோடு, புள்ளி, வட்டம்,
ஓரத்தில் பொடியெழுத்தில்
"கோபம் வேண்டாம், கணக்கைப் பார்" என்று.
என் வேலையாட்களிடம் நானும் அதையே சொல்கிறேன்,
யாரும் எழுதி வைத்ததில்லை.

மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அறுத்தேன்.
சுருதி ஏறிப்போச்சு என்றாள்.
அறுத்தது அறுத்ததுதான் அம்மா என்றேன்.
அப்படியானால் ஒட்டுங்கள்,
ஒட்டுப்போட்ட ஒலி எப்படி என்று பார்ப்போம் என்றாள்.
ஒன்பதாவது குழாய் அப்படித்தான்
இரண்டாகி, நடுவில் என் வெல்டிங்கோடு
மறுபடி ஒன்றானது.

வாசித்தவன் லுவாண்ட்லே சேலே, க்வாமாஷுக்காரன்,
நீண்ட கை.
இடம் அம்பிலோவில் மூடிப்போன சலவைக்கூடம்.
நாற்பது நாற்காலி, முப்பத்தொன்றில் ஆள்.
என் மனைவி பிரிசில்லா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்,
தூங்கத் தயாராக.

முதல் ஐந்து நிமிடம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.
பிறகு அவன் தாழ்ப்பாளை மெல்ல,
மிக மெல்ல இழுத்தான்.
கூடத்தில் மூச்சு நின்றது.
இரவில் அந்தச் சத்தம் கேட்டால்
இந்த ஊரில் யாரும் அதை இசை என்று நினைப்பதில்லை.
பிரிசில்லா என் முழங்கையைப் பிடித்தாள்.
விடவேயில்லை.

பதினோராம் நிமிடம்
ஒன்பதாவது குழாய் விட்டுப்போனது.
என் பற்று.
இருபத்தாறு வருடத்தில் ஒரு கேட்கூட விட்டதில்லை.
கீழ்த்துண்டு சிமென்ட்டில் விழுந்து
உருண்டு
உருண்டு
முன்வரிசையில் யாரோ ஒருவரின் காலணியில் இடித்து நின்றது.
உயர்த்திய கையை இறக்காமல்
அதுவரை காத்திருந்தான் சேலே.
பின்பு மேலே தொங்கிய மிச்சத்தை
ஒரே ஒரு முறை தொட்டான்.
முன்பல் விழுந்த பிள்ளை
தன் பெயரைச் சொல்வதுபோல இருந்தது.
கைதட்டினார்கள். நான் போய் முகம் கழுவினேன்.

மறுநாள் காலை ஏழுக்கே வந்துவிட்டாள்.
திருப்பித் தரவேண்டிய பணத்தை எண்ணி வைத்திருந்தேன்.
அவள் தாளை விரித்தாள்.
பதினோராம் நிமிடத்தில் பென்சிலால்
புதிதாக ஒரு கோடு, கீழ்நோக்கி.
"ஒவ்வொரு தடவையும் அங்கேதான் உடையணும்.
முன்னாடி உடையக் கூடாது.
உடையாமலும் இருக்கக் கூடாது."

கெட்ட பற்று போடுவது
நல்ல பற்றைவிடக் கஷ்டம்.
ஆம்பியரைக் குறைத்தேன், மூன்றாம் அடியில் விழுந்தது.
துருவோடு வைத்தேன், சம்மட்டிக்கும் அசையவில்லை சனியன்.
என் பையன் திருஷன் பீப்பாய்மேல் உட்கார்ந்து எண்ணுகிறான்:
இருநூற்றுப் பதிமூன்று அடி தாங்கணும்,
அடுத்ததில் போகணும்.
பக்கத்துப் பட்டறை ரஷாத் எட்டிப் பார்த்து
"யாருக்கு குபேன், கடன்காரனுக்கா?" என்கிறான்.

விலை கேட்டாள்.
நல்லதுக்கு நூற்றெண்பது ரேண்ட்,
விட்டுப்போவதற்கு நானூறு என்றேன்.
பேரம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை கேப் டவுனில் வாசிக்கிறார்கள்.
ஆறு குழாய், பழைய துண்டுகளில் சுற்றிப் பெட்டியில்.
"உடையும் பொருள், கவனம்" என்று
மேலே எழுதச் சொன்னான் கூரியர்க்காரன்.
எழுதினேன்.
எந்த நிமிடத்தில் என்று எழுதவில்லை.